ஒரு நூலை உருவிப் பாருங்கள்!

என் மாமியாரின் கூறைப் புடவையை நான் கெடுத்த கதையை வெளியே சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு சகோதரி அதே தவறைச் செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அத்தை தம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு புடவையை எடுத்தார்கள். அரக்கு நிறம், சின்னச் சின்னக் கட்டம். ஐம்பது வருஷத்துக்கு முன் அவர்கள் கழுத்தில் தாலி ஏறியபோது கட்டியிருந்த கூறை. "பேத்தி முகூர்த்தத்துக்கு இதைக் கட்டிக்கட்டும். வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றார்கள். மடிப்புகளில் பழுப்புக் கறை இருந்தது. அந்துருண்டை வாசனை வேறு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாளி நிறைய வெந்நீர் ஊற்றி, அதில் ஒரு கைப்பிடி சலவை சோடாவும், கறையை வெளுக்கும் என்று விளம்பரம் செய்கிற சோப்புத் தூள் இரண்டு கரண்டியும் போட்டுக் கலக்கினேன். புடவையை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, முறுக்கிப் பிழிந்து, சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டேன். கறை போயிற்று. சாயங்காலம் இஸ்திரி போடலாம் என்று விரித்தால், மடிப்போடு மடிப்பாகப் புடவை பிளந்து வந்தது! அதிலும் ஒரு விசித்திரம். நெடுக்காக ஓடிய இழைகள் பொடிப்பொடியாக அறுந்து கிடக்க, குறுக்கே ஓடிய நூல்கள் மட்டும் வலை மாதிரி முழுசாக நின்றன.

அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கூறைநாட்டுப் பெரியவர் சொன்ன பாடம்

வெளியூர்ச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரை மாயவரம், மாயூரம் என்று சொல்வார்கள். 1982-ல் மயிலாடுதுறை என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்குள்ளேயே ஒரு பகுதி கூறைநாடு. கூறை என்றால் கல்யாணப் புடவை அல்லவா? அந்தப் பெயரையே தாங்கிய நெசவாளர் குடியிருப்பு அது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்வதுதான் கூறைநாட்டுப் புடவையின் விசேஷம். இப்போது அங்கே தறிச் சத்தம் முன்போல் கேட்பதில்லை. கூறை என்று கடையில் விற்பவை பல வேறு ஊர்களில் நெய்து வருகின்றன.

கிழிந்த புடவையைப் பையில் போட்டுக்கொண்டு, தறி வேலையை விட்டுவிட்ட ஒரு பெரியவரிடம் போனேன். ஒட்டுப் போட முடியுமா என்ற நப்பாசைதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இதை எதுல ஊற வச்சீங்க?"

சொன்னேன்.

"சோடாவுலயா! பருத்திப் புடவைன்னு நெனச்சு வெளுத்துட்டீங்க. பாருங்க, பருத்தி நிக்குது. பட்டு வெந்து போச்சு."

பிறகு அவர் அந்தக் கிழிசலிலிருந்தே இரண்டு நூல்களை உருவினார். முதலாவதை என் கையில் கொடுத்து, "முறுக்கை எதிர்ப்பக்கமாப் பிரிச்சு இழுங்க" என்றார். இழுத்தேன். நூல் பிரிந்து, பொசபொசவென்று சின்னச் சின்னப் பஞ்சு நார்களாகக் கையோடு வந்தது. மற்றதையும் பிரித்தேன். அது நார் நாராக உதிரவில்லை. பட்டு நைந்திருந்ததால் நடுவில் அறுந்ததே தவிர, ஒவ்வொன்றும் வழவழவென்று நீளமாகவே இருந்தது.

"அவ்வளவுதாம்மா ஜவுளி சமாச்சாரம். முறுக்கிச் சேர்த்தது நூல். இழுத்து எடுத்தது இழை. எது எதுன்னு தெரிஞ்சா துணி தப்பிக்கும்" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் மற்ற விவரங்களைத் தேடித் தெரிந்துகொண்டேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பியையும் துளைத்து எடுத்துவிட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முறுக்கிச் சேர்த்தது: பருத்தி

பஞ்சுக் காயிலிருந்து வரும் நார் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன நார்களைச் சிக்கெடுத்து, ஒரே பக்கமாகப் படிய வைத்து, இழுத்து முறுக்கினால் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு நூலாகிறது. நாம் விளக்குத் திரி திரிப்பதும் அதே தத்துவம்தான். முறுக்கு இல்லாவிட்டால் நூல் இல்லை.

நார் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நூல் மெல்லியதாகவும் உறுதியாகவும் வரும். குட்டை நாரில் நூற்ற துணியில் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு பிசிர் அடிக்கும். நாலு சலவையில் சொரசொரவென்று உருண்டை கட்டும். குட்டை நார்களைச் சீப்பு மாதிரி வாரி நீக்கிவிட்டு நூற்பதைத்தான் 'கோம்டு' நூல் என்கிறார்கள். கைக்குழந்தைக்கு வாங்கும்போது இந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். நம் தமிழ்நாட்டுக்கே பெருமையான ஒரு பருத்தி உண்டு. 1974-ல் கோயமுத்தூரில் உருவாக்கிய 'சுவின்' ரகம். மிக நீளமான நார் உடையது. மெல்லிசான நூலுக்குப் பேர் போனது.

கடைக்காரர் "அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது விலை ஏற்றுவதற்கான மந்திரம் இல்லை, கணக்கு. 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். ஒரு பவுண்டில் 60 சிட்டம் என்றால் அறுபதாம் நம்பர். நீளம் 50,400 கெஜம், அதாவது சுமார் 46 கிலோமீட்டர்! நூறாம் நம்பர் என்றால் 84,000 கெஜம், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலை ரயில் பாதையோடு மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் இழுத்துக் கட்டலாம் என்றால் எவ்வளவு மெல்லிசு என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே, நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பெரிய நம்பர்தான் உசத்தி என்று நினைக்காதீர்கள். துவாலைக்கும் படுக்கை விரிப்புக்கும் தடித்த நூல்தான் நல்லது. இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூல் என்றால் இன்னும் உழைக்கும். வாயில் சேலையில் மெல்லிய நூலுக்கு முறுக்கு அதிகம். அதனால்தான் அது உடம்பில் ஒட்டாமல் காற்றோட்டமாக இருக்கிறது. பட்டு மாதிரிப் பளபளக்கும் 'மெர்சரைஸ்டு' பருத்தி என்பது காஸ்டிக் சோடாக் கரைசலில் இழுத்துப் பிடித்துத் தோய்த்தது. பருத்தி சோடாவைத் தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நனைந்தால் பருத்திக்கு வலுவும் கூடும். அடித்துத் துவைக்கலாம், கொதிக்க வைக்கலாம், கஞ்சி போடலாம்.

இழுத்து எடுத்தது: பட்டு

பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும்போது நடுவில் அறுக்காமல் ஒரே இழையாக விடுகிறது. நல்ல கூடு என்றால் அந்த ஒரு இழை ஆயிரம் மீட்டருக்கு மேலேகூட வரும். அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் இழை அறுந்துவிடும் என்பதற்காகத்தான் புழுவைக் கூட்டோடு வெந்நீரிலோ சூட்டிலோ கொல்கிறார்கள். பாவம்தான், ஆனால் பட்டின் பளபளப்புக்குக் காரணம் அந்த அறுபடாத நீளம். முறுக்கும் பிசிரும் குறைவாக இருப்பதால் வெளிச்சம் சிதறாமல் கண்ணாடியில் படுவது போலத் திரும்புகிறது.

ஒரு கூட்டின் இழை கண்ணுக்கே தெரியாது. ஏழெட்டுக் கூட்டின் இழைகளைச் சேர்த்துச் சுற்றினால்தான் ஒரு பட்டு நூல். இதற்குக் கணக்கு வேறு, பெயர் டெனியர். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். '20/22' என்றால் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு எடை 20 முதல் 22 கிராம்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பருத்தியில் நம்பர் ஏறினால் நூல் மெலியும். டெனியரில் நம்பர் ஏறினால் இழை தடிக்கும். இதைக் குழப்பிக்கொண்டு கடையில் தலையாட்டிவிட்டு வரக் கூடாது.

கூட்டிலிருந்து எடுத்ததும் பட்டு விறைப்பாக, மங்கலாகத்தான் இருக்கும். புழு பூசிய பசை அதில் கால் பங்கு. சோப்பும் கொஞ்சம் சோடாவும் போட்டுப் பக்குவமாக வேகவைத்து அந்தப் பசையை நீக்குகிறார்கள். "நாங்களும் பட்டை வேக வைப்போம்மா. ஆனா, பசை போனதும் நிறுத்திடுவோம். நீங்க நிறுத்தலை" என்று பெரியவர் சொன்னபோதுதான் எனக்கு முழு விஷயமும் புரிந்தது. பருத்தி செடியின் சத்து, காரத்தைத் தாங்கும். பட்டு நம் தலைமுடியைப் போல, ஆட்டு ரோமத்தைப் போல, புரதம். சூடும் சோடாவும் அதைக் கரைக்கும். இப்போது வரும் பல சோப்புத் தூள்களில் ரத்தக்கறை, பால் கறை போக என்ஸைம் சேர்க்கிறார்கள். புரதக் கறையைத் தின்பதற்காகப் போடுவது, புரதமான பட்டை மட்டும் விட்டுவைக்குமா? கடும் வெயிலும் பட்டை நைய வைக்கும். ஆக, நான் செய்தது எல்லாமே தப்பு!

பட்டிலும் நூற்பது உண்டு. அசாம் பக்கத்து எரிப் பட்டின் கூட்டை ஒரே இழையாகப் பிரிக்க வராது. அதையும் கழிவுப் பட்டையும் பஞ்சு மாதிரி நூற்கிறார்கள். பளபளப்பு கம்மியாக, பொசுபொசுவென்று இருக்கும். அதைப் பார்த்து 'இது பட்டே இல்லை' என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

இடியாப்ப அச்சில் பிழிந்தது

நாம் மாவை இடியாப்ப அச்சில் பிழிகிறோம் அல்லவா? அதைப் போலவே, கூழாகக் கரைத்ததை அல்லது உருக்கியதை ஊசி முனைத் துளைகள் வழியே பிழிந்து இழை எடுக்கலாம் என்று மனிதன் கண்டுபிடித்தான். இதில் இரண்டு குடும்பம் உண்டு.

முதலாவது ரேயான் என்கிற விஸ்கோஸ். 1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். மூலப்பொருள் மரக்கூழ். ஆகவே, இது செடி கொடியின் சத்துதான், பருத்திக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஈரத்தை உறிஞ்சும், உடம்புக்கு இதம். 'ஆர்ட் சில்க்' என்று நம் அம்மாக்கள் வாங்கியது இதுதான். இன்றைய ரேயான் நைட்டியும் குர்த்தியும் இதுவே. 'மூங்கில் துணி' என்று குழந்தைகளுக்கு விற்பவற்றில் பெரும்பாலானவை மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான். இதற்கு ஒரே பலவீனம், நனைந்தால் பாதி வலு போய்விடும். துவைத்து முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் விட்டுப்போகும். அமுக்கித் தண்ணீரை வடியவிட்டு, நிழலில் போட்டால் போதும்.

இரண்டாவது, முழுக்க முழுக்க ரசாயனம். 1935-ல் அமெரிக்காவில் காரதர்ஸ் என்பவர் நைலானைக் கண்டுபிடித்தார். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் இருவரும் பாலியஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். டெரிலின் என்று பெயர் பெற்றது அதுதான். அந்த இழையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பருத்தியோடு கலந்து நூற்றால் டெரிகாட்டன். மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர், ஒரு பங்கு பருத்தி என்பது வழக்கமான கலவை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை பலவும் இந்த மாதிரிக் கலவைதான். சுருங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி அதிகம் வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு சௌகரியம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் எங்கள் காவிரிக் கரை வெக்கையில் ஒரு சங்கடம். 100 கிராம் உலர்ந்த பருத்தி, காற்றிலிருந்தே சுமார் 8½ கிராம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பட்டு 11 கிராம். விஸ்கோஸ் 11 முதல் 13 கிராம். நைலான் 4 கிராம். பாலியஸ்டரோ அரைக் கிராம்கூட வாங்காது. வேர்வை எங்கே போகும்? உடம்பிலேயே நிற்கும். வைகாசி மாதத்தில் குழந்தைக்குப் பளபளவென்று கவுன் மாட்டிக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போய், ராத்திரி கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு திரும்பி வருவதன் ரகசியம் இதுதான். பாவாடை, கவுன் எதுவானாலும், உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டுவிடுங்கள். ஜரிகையும் லேபிளும் தோலில் உரசாமல் இருக்கும்.

இளம் தாய்மார்கள் அவசியம் படிக்க

இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்தப் பகுதிதான்.

என் பேரனுக்கு மூன்றாவது மாதம். ஒரு ராத்திரி விடாமல் அழுகை. பால் கொடுத்தாயிற்று, ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா என்று பேச்சு, திருஷ்டி சுற்றியும் ஆயிற்று. என் மகள் அழாத குறை. கடைசியில் ஈரமாக இருக்கிறதோ என்று காலுறையைக் கழற்றினால், சுண்டு விரல் செக்கச்செவேலென்று வீங்கியிருக்கிறது! காலுறையின் உள்பக்கத்திலிருந்து பிரிந்த ஓர் இழை, முடி மாதிரி மெல்லியது, விரலை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் எடுத்துவிட்டு, "நேரத்தோட வந்தீங்க. ரத்த ஓட்டம் நின்னு போனா விரலுக்கே ஆபத்து" என்றார்.

பருத்தி நூலாக இருந்தால் பிசிறி அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. நைலான் இழை அறுபடாது. அதன் குணமே அதுதான். புடவைக்கு நல்லதாக இருக்கும் உறுதி, பிஞ்சு விரலுக்கு எமனாகிவிடுகிறது. தாயின் தலைமுடியும் இப்படியே சுற்றிக்கொள்ளுமாம்.

ஆகவே குழந்தையின் காலுறை, கையுறை, குல்லாய் எதையும் போடும் முன் உள்பக்கத்தைத் திருப்பி, தொங்கும் இழைகளைக் கத்திரியால் வெட்டிவிடுங்கள். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் கை விரல், கால் விரல், ஆண் குழந்தையானால் குறியையும் பாருங்கள். இழை சுற்றியிருந்து சுலபமாக வராவிட்டால் வீட்டில் நோண்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுப்படியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தியும் தீப்பிடிக்கும், வேகமாகவே எரியும். ஆனால் நைலானும் பாலியஸ்டரும் உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சமைக்கும்போது பருத்திப் புடவையே கட்டுங்கள். அதிலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். தீபாவளிப் பட்டாசுக்கும் அதே சட்டம். தொளதொள நைலான் கவுனோடு குழந்தைகளை மத்தாப்புப் பிடிக்க விடாதீர்கள். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஒட்டிய துணியைப் பிடுங்க வேண்டாம். மாவு, மை, பற்பசை எதுவும் பூச வேண்டாம். டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வீட்டிலேயே சோதனை

கடையில் 'செமி சில்க்', 'சாஃப்ட் சில்க்', 'காட்டன் சில்க்' என்று நூறு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் ஏமாற வேண்டாம். முந்தானை ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று என்று தனித்தனியாக உருவிக்கொள்ளுங்கள். பாவில் ஒன்றும் ஊடையில் வேறொன்றும் இருப்பது சகஜம். எங்கள் கூறையே அப்படித்தானே! ஒரே நூலைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. கட்டம், கரை என்று நிறம் மாறும் இடத்திலும் ஒன்று எடுத்துப் பாருங்கள்.

முதல் சோதனை: முறுக்கைப் பிரியுங்கள். சின்ன நார்களாக உதிர்ந்தால் நூற்றது. நீளமாக வழவழவென்று நின்றால் இழை.

இரண்டாவது சோதனை: நூலின் நடுவை நாக்கில் வைத்து ஈரமாக்கி இரண்டு பக்கமும் இழுங்கள். ஈரமான இடத்தில் சட்டென்று அறுந்தால் பெரும்பாலும் விஸ்கோஸ். பருத்தி ஈரத்தில் சுலபமாக அறாது.

மூன்றாவது சோதனை நெருப்பு. குழந்தைகள் இல்லாத நேரத்தில், கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, நூலை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து, சாம்பல் மெத்தென்று தூளானால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, கரி விரலில் பொடிந்தால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறினதும் கடுகு மாதிரிக் கெட்டி உருண்டையானால் நைலான் அல்லது பாலியஸ்டர். உருண்டையைச் சூடாகத் தொட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். இரண்டு குணமும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு.

வாங்கும் முன்பே நூல் உருவக் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார். அதற்குத்தான் முத்திரைகள் இருக்கின்றன. இயற்கைப் பட்டுக்கு 'சில்க் மார்க்' முத்திரை 2004 முதல் இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சி. கைத்தறிக்குத் தனி முத்திரை 2006-ல் வந்தது. எங்கள் பக்கத்துத் திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கைத்தறிக் கூட்டுறவுக் கடைகளிலும், 1935-ல் ஆரம்பித்த கோ-ஆப்டெக்ஸிலும் நூல் விவரம் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு நாம் கூச்சப்படக் கூடாது. பில்லில் 'பட்டு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

ஞாபகம் வைத்துக்கொள்ள

பருத்திக்குச் சூடு, சோடா, வெயில் எல்லாம் ஆகும். சாயத் துணிக்கு மட்டும் வெயில் கூடாது. புளிப்பு அதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு பட்டால் உடனே அலசிவிடுங்கள்.

பட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர், மிதமான சோப்புத் திரவம், நிழல். ஊற வைக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, சோடா, என்ஸைம், பிளீச்சிங் மூன்றும் வாசப்படி ஏறக் கூடாது. பழைய பட்டென்றால் வீட்டில் தொடவே வேண்டாம். விவரம் தெரிந்த சலவைக்காரரிடம் கொடுங்கள். மடிப்பை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

விஸ்கோஸை முறுக்கவும் உலுக்கவும் வேண்டாம்.

நைலான், பாலியஸ்டருக்கு இஸ்திரிச் சூடு குறைவாக இருக்கட்டும்.

கலப்புத் துணியை எப்போதும் அதிலுள்ள பலவீனமான நூலுக்குத் தக்கபடி துவையுங்கள். கூறைப் புடவையில் பாதி பருத்தியே இருந்தாலும், அதைப் பட்டாக நினைத்துத்தான் தொட வேண்டும். இந்த ஒரு வரி எனக்கு இரண்டு வருஷம் முன்பு தெரிந்திருந்தால்!

மகளின் முகூர்த்தத்துக்குப் புதிதாக ஒரு கூறை வாங்கினோம். பட்டும் பருத்தியும் கலந்ததுதான். கடையில் வைத்தே அத்தை முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, என்னிடம் நீட்டினார்கள். நான் முறுக்கைப் பிரித்துப் பார்த்து, "இது பருத்தி அத்தை" என்றேன். இன்னொன்றை உருவிக் கொடுத்தார்கள். "இது பட்டு." தலையை ஆட்டிவிட்டுப் பணப்பையை எடுத்தார்கள். அந்தப் பழைய புடவையில் கெடாமல் தப்பிய முந்தானைத் துண்டு இப்போதும் அவர்கள் பெட்டியில், அதே வேட்டித் துணிக்குள் இருக்கிறது.

சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மா கொடுத்தது, மாமியார் கொடுத்தது என்று ஏதாவது இருக்கும். அதை வாளியில் போடும் முன், ஒரே ஒரு நூலை உருவிப் பாருங்கள்.